மணற்கடலும் ஒரு குமாஸ்தாவும்

இவ்வாண்டு மலருக்குப் பயணம் பற்றி ஏதேனும் எழுதித் தருக என்று மலர்க் குழுவினர் பணித்தபோது எனக்கு நகைப்புத்தான் தோன்றியது. மைய அரசு அலுவலகமொன்றில் இருபத்து நான்கு ஆண்டுகளாகப் பிறருடைய பயணப்படிப் பட்டியல்களைச் சரிபார்த்து மேசை மாற்றி அனுப்பும் எழுத்தன் நான். எல்.டி.சி. விதிகளை நள்ளிரவில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். அந்தமானுக்குப் போனவர், குவாஹாட்டிக்குப் போனவர், எங்கும் போகாமலே போனதாகக் கணக்குக் காட்டியவர் என எல்லாரையும் அறிவேன். நானோ டில்லியிலிருந்து திருச்சிக்கும் திருச்சியிலிருந்து டில்லிக்கும் இரண்டாம் வகுப்புப் பெட்டியில் சென்று வந்ததன்றி வேறு பயணம் கண்டவனல்லன். கடல் கடந்ததில்லை.

ஆயினும் ஏட்டின் வழியாக நான் நடந்த தொலைவு சிறிதன்று. 2007ஆம் ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தரியாகஞ்சு நடைபாதையில் பழைய புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். (அந்த நடைபாதைச் சந்தை 2019இல் வேறிடத்திற்கு மாற்றப்பட்டுவிட்டது; இப்போது அங்கே நடந்தால் ஏதோ பல் விழுந்த இடம்போலத் தோன்றுகிறது.) அட்டை கிழிந்த நூலொன்று நாற்பது ரூபாய்க்குக் கிடைத்தது. வில்ஃபிரட் தெசிகர் என்ற ஆங்கிலேயர் 1959இல் வெளியிட்ட 'அரேபிய மணல்கள்' என்னும் நூல் அது. அன்று மாலை தொடங்கிய வாசிப்பு இன்றுவரை முடியவில்லை என்றே சொல்ல வேண்டும்.

அரேபியாவின் தென்பகுதியில் 'ரூபல் காலி', அதாவது வெற்றுக் காற்பகுதி என்று பெயர்பெற்ற மணற்கடல் ஒன்று உண்டு. ஏறத்தாழ ஆறரை இலட்சம் சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டைப்போல் ஐந்து மடங்கு. அதை ஐரோப்பியருள் முதலில் கடந்தவர் பெர்ட்ரம் தாமஸ். மஸ்கட் சுல்தானிடம் அமைச்சராயிருந்த அவர், கேட்டால் அனுமதி கிடைக்காது என்று தெரிந்து, எவரிடமும் கேளாமலே 1930ஆம் ஆண்டின் இறுதியில் சலாலாவிலிருந்து ஒட்டகமேறிப் புறப்பட்டு, 1931 பிப்ரவரியில் தோஹாவை அடைந்தார். மேலிடத்து ஒப்புதலின்றி ஓர் அதிகாரி இவ்வளவு தொலைவு போயிருக்கிறார் என்று படித்தபோது, தலைமையிடம் விட்டு நீங்கவே முன்னனுமதி கேட்கும் எனக்கு மெய் சிலிர்த்தது. அடுத்த ஆண்டு ஃபில்பி என்பவர் கடந்தார். மறைந்துபோன வபார் நகரைத் தேடிப் போன அவர் கண்டது நகரமன்று; விண்கல் விழுந்து குடைந்த பள்ளங்கள்.

தெசிகர் 1946இலும் 1948இலும் இருமுறை கடந்தார். முதன்முறை அவர் சென்றது அலுவல் பயணம் என்பதை நான் இங்கே அழுத்திக் கூற விரும்புகிறேன். பாலைவன வெட்டுக்கிளிகள் எங்கே முட்டையிட்டுப் பெருகுகின்றன என்று கண்டுவரும் பணியில் அமர்த்தப்பட்டிருந்தார். மணலைக் காணும் ஆசை அவருடையது, செலவு துறையினுடையது! என் பணி வாழ்வின் முதல் ஐந்தாண்டுகள் ஜோத்பூரில் கழிந்தன. அங்கே 1939இல் தோன்றிய வெட்டுக்கிளி எச்சரிக்கை அமைப்பின் களத் தலைமையிடம் இருக்கிறது. என் அலுவலகம் அதுவன்று; ஆனால் அங்கே பணிபுரிந்த நண்பர் ஒருவர், அரேபியாவில் பெய்யும் மழை இராஜஸ்தானத்துப் பயிரை அழிக்கும் என்று சொன்னபோது நான் வேடிக்கையாகக் கொண்டேன். 2018இல் இரு புயல்கள் அந்த வெற்றுக் காற்பகுதியில் மழை கொட்டின. எவர் கண்ணிலும் படாத அம்மணலில் பல தலைமுறை வெட்டுக்கிளிகள் பெருகின. அங்கிருந்து தொடங்கிய பெருக்கத்தின் தொடர்ச்சியாய் 2020 ஜூன் மாதத்தில் குருகிராமத்து மாடிகளின்மீது அவை வந்து இறங்கியதை நம்மில் பலர் தட்டும் தாம்பாளமும் கொண்டு நின்று பார்த்தோம். தொலைவு என்பது நாம் எண்ணுமளவு தொலைவன்று.

தெசிகருடைய நூலில் நான் மீண்டும் மீண்டும் படிக்கும் இடங்கள் இரண்டு. பல நாள் அரைவயிறாய் மணல் மலைகளைக் கடந்து வந்தவர்களுக்கு ஒரு முயல் கிடைக்கிறது. நாவூற அதைச் சமைத்துக்கொண்டிருக்கும்போது அயலார் சிலர் ஒட்டகங்களில் வந்து சேருகிறார்கள். வந்தவர்கள் விருந்தினர், எனவே முயலும் ரொட்டியும் அவர்கள்முன் வைக்கப்படுகின்றன. சமைத்தவர்கள் தாம் உண்டாயிற்று என்பதுபோல் உபசரித்துவிட்டுப் பட்டினி கிடக்கிறார்கள். மற்றோரிடம், உணவு தேடிச் சென்ற துணைவர்கள் திரும்பும்வரை மூன்று நாள் ஒரு மணற்குன்றின்மேல் தெசிகர் பசியோடு படுத்துக்கிடந்தது. நாற்காலியில் அமர்ந்து வயிறார உண்டு வானொலி கேட்பதைக் காட்டிலும் இதுவே தமக்கு உகந்தது என்ற பொருள்பட அவர் எழுதுகிறார். நாற்காலியில் அமர்ந்து வயிறார உண்டவண்ணம் நான் அதைப் படித்தேன்.

உறங்கும் முன் என் பெண்மக்கள் இருவருக்கும் நான் சொன்ன கதைகள் இவையே. அரசிளங்குமரன் கதைக்கு வழியில்லாத வீடு அது. ரொட்டிக்கடைக்காரர் மகனாய்ப் பிறந்த ரெனே கயியே என்ற பிரெஞ்சுக்காரர் 1828இல் மாறுவேடத்தில் டிம்பக்டுவை அடைந்து, பொன்னகரம் என்று கேள்விப்பட்ட இடத்தில் மண்வீடுகளைக் கண்டு திகைத்த கதையைச் சின்னவள் பத்துமுறை கேட்டிருப்பாள். மூத்தவளுக்கோ பெண்கள் போன கதைதான் வேண்டும். 1879இல் ஹாயில் நகரை அடைந்த ஆன் பிளன்ட், 1914இல் அதே நகருக்குத் தன் ஒட்டக வரிசையோடு போன கெர்ட்ரூட் பெல், 1921இல் குஃப்ரா சோலைக்குப் போன ரோசிட்டா ஃபோர்ப்ஸ் ஆகியோரெல்லாம் எங்கள் இராமகிருஷ்ணபுரத்து இரண்டறைக் குடியிருப்பில் உறவுப் பெண்களைப்போல் பழகிவந்தார்கள்.

மூத்தவள் மண்ணியல் படித்தாள். எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டில், 2024 கோடையில் ஒரு நாள் இரவு உணவின்போது செய்தி சொன்னாள். நமீபியா நாட்டில் கோபபெப் என்னுமிடத்தில் 1962இல் நிறுவப்பட்ட பாலைவன ஆய்வு நிலையம் இருக்கிறது. அங்கே ஓர் ஆய்வுக் குழுவுடன் ஐந்து வாரம் தங்கப் போகிறாள். தங்கும் செலவு குழுவினுடையது. விமானக் கட்டணம் மட்டும் நம்முடையது. ஆய்வு முடிந்தபின் தோழர்களோடு குய்செப் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நான்கு நாள் நடைபயணம். இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த ஒளியை நான் கவனித்தேன். கவனித்தும், "முடியாது" என்றேன்.

காரணங்கள் கேட்டாள். கட்டணம் மிகுதி என்றேன். திருச்சியில் பாட்டி என்ன சொல்வாள் என்றேன். திருமணப் பேச்சு நடக்கும் வயது என்றேன். அதைச் சொன்னபோது எனக்கே நாணமாயிருந்தது. "ஆன் பிளன்ட் போனதை நீங்கள்தானே அப்பா சொன்னீர்கள்?" என்றாள். நான் விடவில்லை. அலெக்சின் டின்னே என்ற டச்சுப் பெண்மணி 1869இல் சகாராவில் கொலையுண்ட கதையைச் சொன்னேன். அவர் கொண்டுசென்ற இரும்பு நீர்த்தொட்டிகளில் பொன் இருப்பதாக எண்ணிக் கொன்றார்கள் என்பர். இசபெல் எபெர்ஹார்ட் 1904இல் பாலைவன ஊரொன்றில் திடீரென வந்த வெள்ளத்தில் இருபத்தேழு வயதில் மாண்டதையும் சொன்னேன். இத்தனை ஆண்டுகளாக இவ்விரண்டு கதைகளையும் நான் அவளுக்குச் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தேன் என்பதை அவள் அப்போதுதான் உணர்ந்தாள். எழுந்து போய்விட்டாள். ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை.

"எல்லாம் உங்களால் வந்தது, மணல், மணல் என்று ஊட்டி வளர்த்தீர்கள்" என்றாள் என் மனைவி. அவளுக்கும் அச்சம்தான். ஆனால் அவள் அச்சத்தை வாய்விட்டுச் சொல்லிவிடுவாள். நம் இலக்கியமும் அவள் பக்கம்தான். ஐங்குறுநூற்றில் பாலை பாடிய ஓதலாந்தையார், மகட்போக்கிய தாயின் இரங்கலுக்கென்றே ஒரு பத்தை ஒதுக்கியிருக்கிறார். வெயில் தகிக்கும் வழியில் போன மகளின் அடி நோகுமே என்று நற்றாய் புலம்புவாள்; செவிலி தேடிப் புறப்படுவாள். தந்தைக்கு அங்கே பேச்சில்லை. பி.ஏ. வகுப்பில் இதைப் படித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அந்த ஒன்பது நாளில் தோன்றியது.

உண்மைக் காரணத்தை நான் எவரிடமும் சொன்னதில்லை. பத்தாம் நாள் இரவு, மாடியில் துணி எடுக்கச் சென்றவளைப் பின்தொடர்ந்து போய்ச் சொன்னேன்.

2004 ஜூன் மாதம். மூத்தவளுக்கு அப்போது ஒரு வயது. ஜெய்சல்மேருக்கு அப்பால், ராம்கட் தாண்டி, ஓரிடத்தில் பொருட்கணக்குச் சரிபார்க்க அலுவலக ஜீப்பில் நானும் ஓட்டுநரும் போனோம். ஓட்டுநர் அந்தப் பக்கத்து மனிதர்; ஐம்பதைக் கடந்தவர்; அதிகம் பேசமாட்டார். பிற்பகலில் 'ஆந்தி' எழுந்தது. வானும் மண்ணும் ஒரே செம்பழுப்பாகி, சாலை எங்கே என்று தெரியாதபடி மணல் மூடிவிட்டது. காற்று சற்றுத் தணிந்ததும், சாலையைச் சுற்றிக்கொண்டு போகலாம் என்று ஒரு தடத்தில் இறங்கினோம். இறங்கச் சொன்னவன் நான். மாலைக்குள் போய்ச் சேர்ந்தால் அன்றைக்கே கணக்கை முடித்துவிடலாம் என்பது என் அவசரம். அரை மணி நேரத்தில் முன் சக்கரம் புதைந்தது. வண்டியை நெம்பும்போது அச்சில் ஏதோ முறிந்த ஓசை கேட்டது. கைப்பேசி என்னிடம் இல்லை. இருந்தாலும் அங்கே பயன்பட்டிராது.

வண்டியின் பக்கத்தில் தொங்கிய கேன்வாஸ் பையிலும் இரண்டு புட்டிகளிலுமாக ஐந்து லிட்டர் நீர் இருந்தது. முகமெல்லாம் மணல் அப்பியிருந்ததால் நான் ஒரு புட்டியைத் திறந்து முகம் கழுவினேன். ஆம், கழுவினேன். ஓட்டுநர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்; ஒன்றும் சொல்லவில்லை. மற்ற நீரை வாங்கித் தம் இருக்கைக்குக் கீழே வைத்துக்கொண்டார். அதன்பின் அவர் கொடுத்தபோது கொடுத்த அளவுதான்.

இரவில் தொலைவில் ஒரு விளக்கு தெரிந்தது. நடந்தால் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம் என்றேன். "பாபுஜி, காடி மத் சோடியே" என்றார். வண்டியை விட்டு நீங்காதீர்கள் என்ற அந்த ஒரே வாக்கியத்தை அன்றிரவு அவர் நான்கு முறை சொல்லியிருப்பார். விடியுமுன் அவர் சற்றே கண்ணயர்ந்தார். நான் இறங்கி நடந்தேன்.

எவ்வளவு நடந்தேன் என்று அறியேன். சில நூறு அடிகளாகத்தான் இருக்கும். ஒரு மணல்மேட்டின் மறுபுறம் இறங்கித் திரும்பிப் பார்த்தபோது ஜீப்பு இல்லை. காற்று எழுந்துவிட்டிருந்தது, என் காலடிகள் என் கண்ணெதிரே நிரம்பிக்கொண்டிருந்தன. எல்லா மேடும் ஒரே மேடாகத் தெரிந்தது. கூவினேன், குரல் வாயை விட்டுப் போகவில்லை. அப்போது நான் இறைவனை நினைத்தேன் என்று எழுதினால் பொய்யாகும். ஜோத்பூர் வீட்டில் தவழ்ந்துகொண்டிருந்த குழந்தைக்கு என் முகம்கூட நினைவிராதே என்பதுதான் தோன்றியது. எங்கிருந்தோ வண்டியின் ஊதொலி கேட்டது. நிற்காமல், விட்டுவிட்டு, பொறுமையாக ஒலித்துக்கொண்டே இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். ஓட்டுநர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. வண்டியின் நிழலில் மணலைக் கையால் பறித்து, குளிர்ந்த அடிமணலில் என்னைப் படுக்கச் சொன்னார்.

வெயில் ஏறி நெடுநேரம் கழித்து ஒட்டகங்கள் மேய்க்கும் ஒருவர் அந்த வழியாக வந்தார். அவருடைய கறுத்த பிளாஸ்டிக் குடுவையை நான் பறிக்கப் போனேன். ஓட்டுநர் தடுத்து, முதலில் என் உதட்டை நனைத்து, பிறகு ஒவ்வொரு வாயாகக் குடிக்க வைத்தார். அறிக்கையில் 'வாகனப் பழுது காரணமாகத் தாமதம்' என்று எழுதினேன். நான் நடந்து போனதை அவர் எவரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மூன்றாண்டு கழித்துத் தெசிகரைப் படித்தபோது, மணலைக் காட்டிலும் அவருக்கு வழிகாட்டிய அல் அவுஃப் என்ற மனிதரைத்தான் நான் தேடித் தேடிப் படித்தேன். அந்த மணலை அதற்குமுன் தனியாகவே கடந்தவர் அவர். நூலின் அட்டையில் அவர் பெயர் இல்லை.

சொல்லி முடித்தேன். மகள் அஞ்சுவாள், அல்லது அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டு, "ஐந்து லிட்டர் என்றால், இருவருக்குமா? ஒரு நாளுக்கா?" என்று கேட்டாள். பிறகு, சக்கரத்தில் காற்றைக் குறைத்துப் பார்த்தீர்களா, புறப்படும்போது எவரிடமாவது போகும் வழியை எழுதிக் கொடுத்திருந்தீர்களா, வேறு வண்டி ஏன் உடன் வரவில்லை என்று வரிசையாகக் கேட்டாள். தணிக்கையில் நான் கேட்கும் கேள்விகள் அதே குரலில் என்னை நோக்கி வந்தன. எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்பதே என் விடை. உள்ளே போய்ச் சுவடியொன்றைக் கொண்டுவந்து காட்டினாள். தலைக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் நீர், இரண்டு வண்டிகள், வண்டிக்கு இரண்டு மாற்றுச் சக்கரம், செயற்கைக்கோள் தொலைபேசி, உள்ளூர் வழிகாட்டி என்றெல்லாம் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தாள். பட்டியலின் அடியில், என் எதிரிலேயே, 'வண்டியை விட்டு நீங்கலாகாது' என்று சேர்த்தாள்.

மறுநாள் பொது வருங்கால வைப்பு நிதியிலிருந்து பணம் எடுக்கும் படிவத்தை நிரப்பினேன். எதன்பொருட்டு என்ற பத்தியில் 'மகளின் உயர்கல்வி' என்று எழுதினேன். பிறருடைய படிவங்களில் அந்தப் பத்தியை நான் எத்தனையோ முறை ஐயத்தோடு பார்த்திருக்கிறேன்.

செப்டம்பரில் புறப்பட்டாள். அடிஸ் அபாபாவில் விமானம் மாற வேண்டும். தெசிகர் 1910இல் பிறந்த ஊர் அது என்று விமான நிலையத்தில் சொன்னேன். "தெரியும் அப்பா" என்றாள். கிழிந்த அட்டைக்குப் புதிய அட்டை போட்ட என் நூலை அவள் எடுத்துக்கொண்டு போனாள். எனக்குப் படிக்க வேறொரு நூலை வைத்துவிட்டுப் போயிருந்தாள். ஹென்னோ மார்ட்டின், ஹெர்மன் கோர்ன் என்ற இரு ஜெர்மானிய மண்ணியலாளர்கள் இரண்டாம் உலகப் போரின்போது, சிறைமுகாமில் அடைக்கப்படுவதைத் தவிர்க்க ஒரு நாயையும் அழைத்துக்கொண்டு, அதே குய்செப் பள்ளத்தாக்கில் இரண்டரை ஆண்டுகள் மறைந்து வாழ்ந்த வரலாறு அது. வேட்டையாடியும் நீர்க்குழி தேடியும் உயிர் காத்தவர்கள், கோர்ன் நோயுற்றபின் 1942இல் வெளியே வந்தார்கள். அதை நான் ஒரே இரவில் படித்துவிட்டு மறுநாள் அலுவலகத்தில் கூட்டல் பிழை செய்தேன்.

நமீபியாவின் பரப்பு எட்டேகால் இலட்சம் சதுர கிலோமீட்டர். மக்களோ ஏறத்தாழ முப்பது இலட்சம்தான். 1990 மார்ச்சில் விடுதலை பெற்ற நாடு. அதன் கடற்கரை நெடுக நமீப் பாலைவனம். வாரம் இருமுறை வந்த அவள் மடல்களிலிருந்து நான் அறிந்துகொண்டது இது: கோபபெப்புக்குத் தெற்கே செம்மணற் குன்றுகள், வடக்கே சரளைக்கல் சமவெளி, இரண்டுக்கும் நடுவே குய்செப் ஆறு. ஆண்டில் சில நாளே நீரோடும் அந்த ஆறுதான் மணற்கடல் வடக்கே ஏறாதபடி வரம்பு கட்டி நிற்கிறது. மழை அரிது. ஆனால் கடலோரம் ஓடும் பெங்குவேலா என்னும் குளிர் நீரோட்டத்தால் மூடுபனி எழுந்து விடியலில் உள்நாட்டிற்குள் வருகிறது. அப்போது கறுப்பு வண்டு ஒன்று குன்றின் உச்சிக்கு ஏறி, தலையைத் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்தி, பனி வரும் திசை நோக்கி நிற்கும். முதுகில் படியும் துளிகள் வழிந்து அதன் வாய்க்கு வந்து சேரும். "விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து குளிரில் நடுங்கிக்கொண்டு அதைப் பார்த்தேன் அப்பா. அதற்கு முகம் கழுவத் தோன்றாது" என்று எழுதியிருந்தாள். படித்த என் மனைவிக்கு இவ்வாக்கியம் விளங்கவில்லை. அன்றைக்குத்தான் அவளுக்கும் 2004ஆம் ஆண்டுக் கதையைச் சொல்ல நேர்ந்தது. அதற்கு அவள் சொன்னவற்றை மலரில் அச்சிட இயலாது.

நடைபயணத்தின் நான்கு நாளும் மடல் வராது என்று முன்பே தெரிவித்திருந்தாள். ஐந்தாம் நாளும் வரவில்லை. ஆறாம் நாள் அலுவலகத்திற்கு விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டில் அமர்ந்திருந்தேன். பாட்டி திருச்சியிலிருந்து இருமுறை தொலைபேசியில் கேட்டார்கள், நலம் என்றேன். மாலை நாலரை மணிக்கு மகளின் குரல் வந்தது. இரைச்சலோடு, விட்டுவிட்டுக் கேட்டது. திரும்பி வரும் வழியில் ஒரு வண்டி மணலில் சிக்கிற்றாம். மற்றதைக் கொண்டு இழுக்கும்போது அதுவும் பழுதாயிற்றாம். ஆய்வு நிலையத்திலிருந்து ஆள் வரும்வரை ஒரு பகலும் இரவும் அங்கேயே இருந்தார்களாம். செயற்கைக்கோள் தொலைபேசியை நிலையத்தாரோடு பேசுவதற்கே மின்சாரம் மிச்சம் பிடித்து வைத்திருந்ததால் எங்களுக்குச் சொல்ல இயலவில்லையாம்.

நான் ஒன்றும் பேசவில்லை. அவளே சொன்னாள்:

"தண்ணீர் மிச்சம் இருந்தது அப்பா. இரவில் ஒரு விளக்குத் தெரிந்தது. போய்ப் பார்க்கலாம் என்று ஒருவர் எழுந்தார். நான் விடவில்லை."